வழிபாட்டுப் பாட்டும் தமிழ் மாத்திரையும்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து செல்வோர் காதில், சிறிது தொலைவுக்குள்ளாகவே பலவகைத் தமிழ் விழும். ஒரு புறம் கந்தசுவாமி கோயிலின் மணியோசையும் திருமுறையும். சீயோன் லுத்தரன் ஆலயத்திலிருந்து செர்மானிய நாட்டிலே பிறந்த மெட்டில் தமிழ்ச் சொல். தமிழ் மெதடிஸ்ட் சபையிலிருந்து ஆங்கில மெட்டு ஒன்றும், அதனை அடுத்துத் தஞ்சை மண்ணின் கீர்த்தனை ஒன்றும். இவற்றையெல்லாம் கேட்டு மகிழ்ந்து போவது எளிது. அவற்றுள் பாடப்படும் தமிழ் தமிழாகவே காதில் விழுகின்றதா என்று கேட்கத் தொடங்கினால்தான் தொல்லை.

அத்தொல்லை எனக்கு ஒரு சிறுவனால் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சபையில் ஒருநாள் வழிபாட்டுக்குச் சென்றிருந்தேன். பீடத்துக்கு மேலே தொங்கிய வெண்திரையில் பாட்டின் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஒளிர்ந்தன. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத இளையோர் பொருட்டுச் செய்த ஏற்பாடு அது. பாட்டிலே 'பலன்' என்றொரு சொல். மெட்டு அச்சொல்லின் முதலெழுத்தை நான்கு எண்ணிக்கைக்கு நீட்டிற்று. பாடி முடித்து அமர்ந்ததும் பக்கத்திலிருந்த பையன் என் கையைத் தொட்டு, "அங்கிள், கிறிஸ்மஸ் இன்னும் வரலியே, ஏன் பாலன்னு பாடுறோம்?" என்று கேட்டான்.

அவன்மேல் குற்றம் காண இயலுமா? திரையிலிருந்த எழுத்துக்கூட்டல் பலனுக்கும் பாலனுக்கும் ஒன்றுதான். மெட்டோ பலனைப் பாலனாகவே ஆக்கிவிட்டது. கண்ணும் காதும் ஒருசேரக் கைவிட்ட நிலையில், அவன் தன் அறிவைக் கொண்டு ஒரு பொருள் கண்டான். வழிபாட்டுக்குப் பாட்டு எழுதுவோரும் தெரிவு செய்வோரும் முதற்கண் எண்ண வேண்டியது இந்தப் பையனைத்தான் என்று அன்று தோன்றிற்று.

குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்பதை நாம் தொடக்கப்பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு அதனை மறந்தும் விடுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை எவ்வளவு நீட்டிப் பாடினாலும் பெரும்பாலும் சொல் மாறுவதில்லை. அம்மொழியில் சொல்லைத் தாங்குவது அழுத்தம். தமிழில் சொல்லைத் தாங்குவது அளவு. விடு என்பதை நீட்டினால் வீடு. மனம் மானமாகும், வனம் வானமாகும், கலை காலையாகும். கிறிஸ்தவப் பாட்டுகளில் அடிக்கடி வரும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். பவம் என்பது பிறவி. பாவம் என்பது தீவினை. 'பவக்கடல்' என்று புலவர் எழுதியதை மெட்டு 'பாவக்கடல்' ஆக்கும்போது கேட்பவர்க்கு ஐயமே எழுவதில்லை. ஏனெனில் இரண்டும் பொருந்துகின்றன. கத்தோலிக்க ஆலயங்களில் மரியன்னையைப் பாடும் பாட்டில் முதலெழுத்தை இழுத்தால் மரி மாரியாகி விடுகிறார். மாரி மழையைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல்தான். ஆயினும் பாடினவர் நினைத்தது அதுவன்று.

இங்கே இலக்கணம் அறிந்த அன்பர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். "இசையில் எழுத்து தன் அளவு கடந்து ஒலிக்கும் என்று தொல்காப்பியரே ஒப்புகின்றாரே" என்பார். உண்மைதான். நூன்மரபின் இறுதி நூற்பா, உயிர் அளவிறந்து ஒலித்தலும் ஒற்று நீண்டிசைத்தலும் இசையோடு பொருந்திய யாழ்நூலார் நெறி என்று கூறுகின்றது. ஆனால் அவர் இசைவு தந்தது ஓசை நீள்வதற்கேயன்றிச் சொல் அழிவதற்கன்று. தேர்ந்த ஓதுவார் ஒருவர் பாடக் கேளுங்கள். குறிலை முதலில் குறிலாகவே தெளிவாக ஒலித்துச் சொல்லைக் காதில் நிறுத்திய பின்னரே, அடுத்து வரும் நெடிலிலோ மெல்லொற்றிலோ இராகத்தை விரிப்பார். நீட்சிக்கு இடம் தேடிக் கண்டுபிடிப்பதே அவர் திறமை.

அவ்விடம் எது என்பதற்கும் நம் இலக்கணமே வழிகாட்டுகின்றது. ஒற்றளபெடைக்கு உரியவை ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள என்னும் பத்து மெய்யும் ஆய்தமும் என்று நன்னூலார் வகுத்தார். வல்லின மெய்கள் இப்பட்டியலில் இல்லை. பாட்டெழுதுவோர்க்கு இது வெறும் தேர்வுக்குரிய செய்தியன்று. 'அன்பு' என்ற சொல்லை நீண்ட சுரத்தில் வைக்கலாம். ன் என்னும் ஒற்றிலே குரல் தங்கும். அன்பு அன்பாகவே இருக்கும். 'தந்தை', 'நம்பிக்கை', 'எங்கள்' ஆகியனவும் அவ்வாறே. 'பக்தி', 'சித்தம்', 'முத்தி' போன்றவற்றை நீண்ட சுரத்தில் வைத்தால் குரல் தங்க இடமின்றி முதலுயிரைப் பிடித்து இழுக்கும். ஒரு சொல்லை விலக்கி இன்னொன்றைத் தேர்வதற்கு இத்தகைய காரணம் போதும்.

இனி மொழிபெயர்ப்புப் பாடல்களுக்கு வருவோம். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது முதலே செர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழாகத் தொடங்கின. அடுத்த தலைமுறைகளில் பெப்ரீசியஸ் (1711–1791) அப்பணியைப் பெரிதும் வளர்த்தார். லுத்தரன் குடும்பங்கள் அப்பாட்டுகளைக் கப்பலேறி இங்கும் கொண்டு வந்தன. ஆங்கிலப் பாமாலைகள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகள் வழியே வந்தன. கோலாலம்பூரில் மெதடிஸ்டுகள் ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1897இல். இப்பாட்டுகளைப் பழித்தல் என் கருத்தன்று. மூன்று தலைமுறையின் பிறப்பையும் திருமணத்தையும் அடக்கத்தையும் கண்ட பாட்டுகள் அவை. ஆனால் அவற்றில் தமிழ் எங்கே இடறுகின்றது என்று அறிந்திருத்தல் நன்று.

ஆங்கிலப் பாமாலையின் பொதுவான அளவு ஒன்று உண்டு. 'காமன் மீட்டர்' என்பர். அடிதோறும் எட்டும் ஆறுமாக அசைகள் மாறி வரும். 'அமேசிங் கிரேஸ்' என்னும் உலகறிந்த பாட்டு இவ்வளவினது. முதல் அசை மெலிந்தும் இரண்டாவது அழுந்தியும் வருவது இதன் நடை. ஆங்கிலத்துக்கு இது மிக இயல்பு. அம்மொழியின் அடி பெரும்பாலும் பொருளற்ற சிறு இடைச்சொல்லில் தொடங்கும். தமிழ் அடியோ தலையில் கனம் உடையது. மோனையும் எதுகையும் நிற்கும் இடம் அடியின் முதற்சீர். நம் காது அங்கேதான் காத்திருக்கின்றது. வேற்றுமை உருபும் வினைவிகுதியும் சொல்லின் கடையில் மெலிந்து வரும்.

ஓர் அடியை இதற்கென்றே கட்டிப் பார்ப்போம்: 'கிள்ளான் ஆற்றின் கரைமீது.' உயிர் நிற்கும் இடங்களை எண்ணினால் எட்டு. காமன் மீட்டருக்குக் கணக்குச் சரியாக இருக்கின்றது. பாடிப் பாருங்கள். அழுத்தம் விழும் இடங்கள் ளான், றின், ரை, து ஆகிய நான்கு! சொல்லின் உயிர்ப்பகுதியான கிள், ஆற், மீ மூன்றும் மெலிந்து ஒதுங்கிவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தும் பாட்டு தமிழாக ஒலிக்காமைக்குக் காரணம் இதுவே. அதே அடியை, முதல் அசையிலேயே தாளம் விழும் எட்டு ஏழு அளவுள்ள மெட்டில் வைத்தால் கிள், ஆற், க, மீ என்று அழுத்தம் உரிய இடங்களில் வந்து அமரும். ஆயினும் கரையின் ககரத்தை நீட்டினால் ஆற்றங்கரை காரையாகிவிடும். அவ்விடத்தில் இரண்டு குறிலையும் சேர்த்து ஒரு சுரத்தின் காலத்துக்குள் அடக்க வேண்டும். மேனாட்டு மெட்டுக்குத் தமிழ் எழுதத்தான் வேண்டுமெனில், தாளம் முதலெழுத்தில் விழும் மெட்டையே தெரிவு செய்க என்பது என் துணிபு.

அடியின் கடையிலும் ஓர் இடர்ப்பாடு. ஆங்கில அடி பெயர்ச்சொல்லில் முடிந்து, அதன்மேல் நீண்ட சுரம் நிற்கலாம். தமிழ் வாக்கியம் வினையில் முடிவதாலும், எல்லா வினைகளும் ஆர், ஏன், ஆய் என்று ஒரே விகுதி பெறுவதாலும், இயைபு உழைப்பின்றிக் கிடைத்துவிடும். உழைப்பின்றிக் கிடைத்தது சுவையின்றியும் இருக்கும். அளவு குறைந்தால் ஓர் ஏகாரத்தைச் சேர்த்து நிரப்புவதும் வழக்கம். தொல்காப்பியர் கூறும் ஐவகை ஏகாரங்களுள் ஈற்றசையும் ஒன்றாதலின் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஒரு பாட்டில் பன்னிரண்டு ஈற்றசை வருமாயின் பாட்டு முடிவதற்குள் பாடுவோர் அயர்ந்துவிடுவர்.

இத்தொல்லைகளை எல்லாம் முன்னரே உணர்ந்து தமிழ் வழியிலேயே விடை கண்டவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியிலே பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் கற்றவர். சரபோசி மன்னருக்கு உடன் பயின்ற தோழர். 1800ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியை இலக்கிய மாணவர் அறிவர். கும்மியும் கீர்த்தனையும் குறவஞ்சியும் மக்கள் நாவிலே ஏற்கெனவே இருந்த வடிவங்கள். பாத்திரம் பழகியதாக இருந்ததால் புதிய பொருளை அதில் வார்த்துக் கொடுக்க அவரால் முடிந்தது. பின்வந்த இளைய மிஷனரிமாருடன் அவருக்குப் பெரும் பிணக்கு உண்டாயிற்று. பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றியதும், ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்ததும் அவர் தரப்பின் முறையீடுகளுள் இருந்தன. அதே பிணக்கில் சாதி வேற்றுமையைக் கைவிட மறுத்தோர் பக்கமே அவர் நின்றார் என்பதையும் மறைத்தல் தகாது. பாட்டைப் பற்றி அவர் கூறியது சரி. அதற்காக அவர் கூறிய அனைத்தும் சரியாகிவிடாது.

தடுக்கப்பட்ட கீர்த்தனை நெடுநாள் தடைப்பட்டு நிற்கவில்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றுள் பல சாஸ்திரியாருடையவை. அப்போது அவர் உயிருடன் இருந்தார். பின்னர் ஈரோட்டில் பணியாற்றிய பாப்ளி (1878–1960) நம் இசையை முறையாகக் கற்று, 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதரும் (1859–1919) வழிபாட்டுக்கென்று கீர்த்தனைகள் செய்தவரே.

கீர்த்தனையின் சிறப்பு இராகத்தில் மட்டும் இல்லை. அதன் கட்டுக்கோப்பில் இருக்கின்றது. அசைகளை எண்ணி அடைக்காமல் தாள வட்டத்தை நிரப்புவதே அதன் கணக்கு. ஒரு நெடில் நிற்கும் இடத்தில் இரு குறில் நிற்கலாம். ஆகவே சரணந்தோறும் சொல் மாறினாலும் மாத்திரை கெடுவதில்லை. இரண்டாவது சிறப்பு பல்லவி. வழிநடத்துவோர் சரணத்தைப் பாட, சபையார் பல்லவியைத் திரும்பத் திரும்ப எடுப்பர். இதனைச் சோம்பலுக்கு இடந்தரும் ஏற்பாடென்று கருதுவோர் உளர். எழுத்தறியாத உழவரும் அவர்தம் பெண்டிரும் நிறைந்திருந்த சபைகளிலே, புத்தகம் இன்றி அனைவரும் பாடுதற்குக் கிடைத்த வழி அது.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கைப் பாருங்கள். மலாயாவின் இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்கள் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் கையில் பாட்டுப் புத்தகத்துடன் வாழ்ந்தனர். அவர்தம் கொள்ளுப்பேரர் பலர் மலாயும் ஆங்கிலமும் கற்று வளர்ந்து, தமிழைக் காதால் மட்டும் அறிவர். தோட்டத்து இலயங்களிலிருந்து நகருக்கு வந்த குடும்பங்களிலும் தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் உண்டு. எழுத்தறியாமை இவர்களுக்கு இல்லை. தமிழெழுத்து அறியாமை உண்டு. சாஸ்திரியார் காலத்துச் சபைக்கும் இன்றைய சபைக்கும் இந்த ஒரு வகையில் நெருக்கம் மிகுதி. அன்று பயன்பட்ட பல்லவி இன்றும் பயன்படும். ஆங்கில எழுத்தில் ஆறு சரணங்களைத் திரையில் ஓட்டுவதைவிட, நாலு சொல் பல்லவியைத் திருத்தமாகக் காதுவழி கற்பித்து, சரணத்தைத் தெளிந்த நாவுடைய ஒருவர் பாடக் கேட்கச் செய்தல் மேல். காதால் கற்ற குறில் குறிலாகவே நிலைக்கும்.

ஆயினும் கீர்த்தனை என்ற ஒன்றனாலேயே எதையும் எடுத்துக்கொள்ளலாகாது. பழைய கீர்த்தனைகளில் வடசொற்றொடர் நெருங்கி நின்று, பொருள் அறிந்தோர் நால்வரும் இல்லாத பாட்டுகள் பல. அத்தகையவற்றை ஆண்டுக்கொரு முறை பொருள் சொல்லிப் பாடலாம். வாரந்தோறும் பாடுதல் வீண். சரணங்களைக் குறைக்கும்போதும் கவனம் வேண்டும். கதை சொல்லும் கீர்த்தனையில் ஒன்றாவதும் கடைசியும் மட்டும் பாடினால், குழந்தை பிறந்தவுடன் உயிர்த்தெழுந்து விடுகின்றது! எந்தச் சுருதியில் தொடங்குவது என்பதையும் பாடகர் குழுவின் வசதிக்கு விட்டுவிடக் கூடாது. பின்வரிசையில் இருக்கும் பாட்டிக்கு எட்டாத சுரம் சபைக்கும் எட்டாத சுரமே.

சொல் தெரிவில் ஒரு நுட்பம். கடவுளை 'நீர்' என்று விளிப்பது கிறிஸ்தவத் தமிழில் ஊன்றிய வழக்கு. இங்குள்ள பிள்ளைகளுக்கு நீர் என்றால் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்தார் வீட்டிலோ நீர் என்பது நிகரானவரையும் இளையவரையும் அழைக்கும் அன்றாடச் சொல். ஒரே விசுப்பலகையில் அமர்ந்திருக்கும் மூவருக்கு இச்சொல் மூன்று விதமாகக் கேட்கின்றது. இறைவன் பெயரும் இப்படித்தான். கத்தோலிக்கர் வழக்கில் சர்வேசுரன், பழைய புராட்டஸ்டாண்டு வழக்கில் பராபரன், பின் தேவன், கர்த்தர். இரு சாராரும் கூடிச் செய்த 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் கடவுள், ஆண்டவர். இவற்றுள் ஒன்றை வைத்து மற்றவற்றை நீக்கிவிடலாம் என்பார்க்கு நான் உடன்படேன். பராபரன் மூன்று குறிலும் ஒரு நெடிலுமாக ஓடும் சொல்; கர்த்தர் வல்லொற்றில் இடித்து நிற்கும் சொல். மெட்டுக்கு ஏற்றது எது என்பதை மெட்டே சொல்லும்.

கத்தோலிக்க ஆலயங்களில் நிலை சற்றே வேறு. புடு வட்டாரத்தில் தமிழர் பொருட்டு 1910இல் எழுந்த புனித அந்தோணியார் ஆலயத்திலும், கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்திலும் பூசை நெடுங்காலம் இலத்தீனில் நடந்தது. தமிழ்ப்பாட்டுக்கு நவநாளும் பவனியும் இடம் தந்தன. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவு திறந்து, அந்தந்த மக்களின் இசைமரபைப் போற்றுமாறும் கூறிற்று. அதன்பின் வருகைக்கு ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, திருவிருந்துக்கு ஒன்று என்று பாட்டுகள் தேவைப்பட்டன. பாட்டுக்கு இடம் குறித்துவிட்டமை நல்ல கட்டுப்பாடு. நடந்து வருவோர் பாடும் பாட்டு நடைக்கு ஏற்ற தாளம் உடையதாதல் வேண்டும். திருவிருந்துப் பாட்டு வரிசையில் நிற்போர் புத்தகம் இன்றிப் பாடக்கூடியதாதல் வேண்டும். பிற சபையாரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

அண்மைக்காலப் பாட்டுகளைப் பற்றி முதியோர் பலர் முகம் சுளிப்பர். நான் அவ்வளவு கடுமை காட்ட மாட்டேன். பெர்க்மான்ஸ் அவர்களின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' போன்ற தொகுதிகள் பரவியதற்குக் காரணம் உண்டு. அடிகள் குறுகியவை, சொற்கள் பேச்சுக்கு அண்மையானவை, பேச்சுக்கு அண்மையான சொல் பெரும்பாலும் தன் மாத்திரையோடே வரும். குறை காண வேண்டிய இடம் வேறு. ஆங்கிலத்தில் இவ்வாண்டு வெளிவந்த பாட்டை அடுத்த திங்களே தமிழாக்கி, அதே மெட்டில் திணிக்கும் அவசரம் ஒன்று இருக்கின்றதே, அங்கேதான் பலன் பாலனாகின்றது. மூன்று நூற்றாண்டுக்கு முன் செர்மானியப் பாட்டில் நேர்ந்த இடறல், கற்றுக்கொள்ளாமையால் மீண்டும் நேர்கின்றது.

இம்மண்ணிலேயே பாட்டு பிறக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1959இல் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு என்னும் அமைப்பு கோலாலம்பூரிலேயே தொடங்கப் பெற்றது. அதன் பொதுச் செயலாளர் யாழ்ப்பாணத் தமிழரான டி. டி. நைல்ஸ் (1908–1970). ஆசியத் திருச்சபைகள் ஒன்றன் பாட்டை மற்றொன்று பாடட்டும் என்று, 1963இல் அவர் ஒரு பாட்டுப் புத்தகம் தொகுத்தார். ஆசிய மெட்டுகள் பல அதில் இடம்பெற்றன. பல நாட்டினர்க்கும் பொதுமொழி வேண்டியிருந்தமையால் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தன. அவரே பல பாட்டுகளை ஆங்கிலத்தில் எழுதினார். நம் மெட்டு ஆங்கிலச் சொல்லை ஏற்றுச் சென்ற அந்த விந்தையை எண்ணும்போது, அதே முயற்சி தமிழ்ச்சொல்லோடும் இந்நகரில் நடந்திருக்கலாகாதா என்று மனம் ஏங்குகின்றது.

மண்ணின் பாட்டு என்றவுடன் ஊர்ப்பெயர்களை அடுக்குவோர் உளர். மேலே யான் கிள்ளான் ஆற்றை இழுத்தது போல! அது மாத்திரை காட்டுதற்கு, பாட்டுக்கு அன்று. விடியுமுன் பிரட்டுக்குப் போன தாய், பால்மரக்காடு அழிந்து தாமான் எழுந்த இடத்தில் வழி தெரியாது நின்ற முதியவர், மாலைதோறும் இடியோடு வந்து அரை மணியில் ஓயும் மழை ஆகியவை நம் மக்கள் இறைவனிடம் பேசும் பேச்சில் ஏற்கெனவே இருக்கின்றன, செபத்தில் கேட்கலாம். பாட்டில்தான் இன்னும் போதிய அளவு வரவில்லை. எழுதப் புகுவோர் முதலில் அவ்வாறு பேசும் ஒருவரின் வாக்கியத்தைக் காதில் வாங்கி, அதன் குறில் நெடில் எங்கே விழுகின்றன என்று பார்த்து, அதற்குத் தாளம் தேடுவாராக. மெட்டை வைத்துக்கொண்டு சொல் தேடுவது தையற்காரர் சட்டையை வைத்துக்கொண்டு ஆள் தேடுவது போன்றது.

அந்தச் சபையின் பாட்டுப் பொறுப்பாளர் இளைஞர், நல்லவர். பையன் கேட்டதைச் சொன்னதும் சிரித்தார், பிறகு வருந்தினார். அடுத்த முறை திரையில் தமிழெழுத்து மேலும் ஆங்கில எழுத்து கீழுமாக இருந்தன. நெடில் வரும் இடங்களில் ஆங்கில எழுத்தை இரட்டித்திருந்தார். அதற்கு இரண்டு இரவு பிடித்ததாம். தமிழாசிரியர் ஒருவர் உடன் அமர்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். பையன் இப்போது என் பக்கத்திலேயே வந்து அமர்கின்றான். சென்ற வாரம் அவன் கேட்டது: "பராபரன்னா யாரு அங்கிள்?"